மூணாம் நம்பர் காட்டில் சாய்ந்த மரங்கள்

நிலவியல் இறுதியாண்டு ஆய்வை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள என் சொந்த ஊரான சுங்கை சிப்புட்டில்தான் செய்தேன். ஊருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட், தெற்கே செம்மோர் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் குன்றுகள். மலையடிவார ரப்பர் தோட்டமொன்றில் மண் மெல்ல ஊர்ந்து இறங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. நம் வெயிலும் மழையும் கிரானைட்டை ஆழம் வரை மக்க வைத்துவிடும். சரிவில் அந்த மேல்மண் நனைந்து உப்பும், காய்ந்து சுருங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே வரும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் என்றால் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

முதல் வாரம் கேள்வித்தாளோடு தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போனேன். "இங்கே நிலச்சரிவு நடந்திருக்கிறதா?" ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தாத்தா ஒருவர், "அப்படியெல்லாம் ஒன்னுமில்ல பாப்பா" என்றார். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். நானும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் தாளைப் பைக்குள் வைத்துவிட்டு, தாத்தா வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்தபடி அவருடைய வேலையைப் பற்றி மட்டும் கேட்டேன். அப்போதுதான் வந்தது: "மூணாம் நம்பர் காட்டுல மேட்டு நிரைக்கு மட்டும் பீலியையும் மங்கையும் மாத்தி மாத்தி வைக்கணும். மரம் சாஞ்சுகிட்டே போவும், பால் வெட்டுக்கோட்ட விட்டு வழிஞ்சிடும்."

காடு என்று அவர் சொன்னது தோட்டத்தின் ஒரு பகுதியை. பீலி, மரத்திலிருந்து பால் வடியும் சிறு தகடு. மங்கு, அந்தப் பால் சேரும் கிண்ணம். எனக்கு வேண்டிய பதில் அதுதான். நிலச்சரிவு என்றால் அவருக்கு மலை இடிந்து விழுவது. மரம் சாய்வதைப் பற்றி நான் கேட்கவே இல்லையே! ஆய்வுக்கான கேள்வியை எதிரே இருப்பவரின் அன்றாட வேலைக்குள்ளிருந்து எடுக்க வேண்டும் என்பது அந்த வாசலில்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் அவரே கூட்டிப்போனார். அடிமரம் சரிவுப் பக்கம் வளைந்து, மேலே போகப் போக நிமிர்ந்திருந்தது. ஆர்வத்தில் அன்றிரவே 'மண் ஊர்கிறது' என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். "மரத்தைப் பார்த்தாயா, மண்ணைப் பார்த்தாயா?" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார் என் மேற்பார்வையாளர். நியாயமான கேள்வி. ரப்பர் மரம் வெளிச்சத்தைத் தேடியும் சாயும், காற்றுக்கும் சாயும்.

அப்புறம் குறிப்பேட்டை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் பார்த்தது, அளந்தது. வலப்பக்கம் நான் நினைப்பது. இன்றைக்கும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. காட்டோரத்து மரங்களை விட்டுவிட்டு உள்நிரைகளை மட்டும் சாய்வுமானியால் அளந்தேன். அதே நிரை சமதரைக்கு வந்ததும் மரங்கள் நேராக நின்றன. சரிவில் இருந்த பழைய வேலிக்கால்களும் கீழ்ப்பக்கமே சாய்ந்திருந்தன. வேலிக்கால் வெளிச்சம் தேடாது. 'மண் ஊர்வதற்கான அறிகுறிகள் உள்ளன. வேகம் அளக்கப்படவில்லை' என்று எழுதினேன். அது போன வேகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பல்கலைக்கழகத்தில் ஆய்வைப் பேசிப் படைத்தது பத்து நிமிடம், சுமாராகப் போனது. கஷ்டமாக இருந்தது தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பேசியதுதான். விரிவுரையில் படித்த சொற்கள் எதுவும் அங்கே உதவாது. பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து, ஈர மண்ணைப் பரப்பி, தீக்குச்சிகளை நட்டு, தட்டிக்கொண்டே இருந்தேன். குச்சிகள் சாய ஆரம்பித்ததும் முன்வரிசைக்காரர்கள் எழுந்து கிட்டே வந்துவிட்டார்கள்.

"அப்போ எங்க வீடு இடியுமா பாப்பா?" என்று ஓர் அம்மா கேட்டார். ஆறுதலாக 'இடியாது' என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் நான் வீட்டடி மண்ணை அளக்கவில்லை. அதைச் சொன்னேன். தரையில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, கதவு பிடித்துக்கொள்வது, இவற்றைக் கண்டால் காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள் என்றும், அக்டோபர், நவம்பர் மழையில் கூடுதலாகக் கவனியுங்கள் என்றும் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் தாத்தாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் வீட்டுப் பின்வேலிக் கால்களில் ஒன்றிலிருந்து பதினான்கு வரை சுண்ணாம்பால் எண் போட்டிருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நூலில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.