புதுப்பிப்பு: நோயுற்ற வளர்ப்புக் குழந்தைக்குச் சபையிடம் என்ன உதவி கேட்பது?

வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல் அரசு ஏற்பாட்டில் வளர்ப்பது) எங்களிடம் வந்த, தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் பாதித்த சிறுவனுக்கும், அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்து தளர்ந்துபோன என் மனைவிக்கும் எங்கள் திருச்சபையார் எவ்வகையில் துணைநிற்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

"ஜெபத்தோடு நிறுத்தாமல், எந்த நாளில் யார் வந்து உடனிருப்பார்கள் என்று கேளுங்கள்" என்று நாசரேத்து அண்ணாச்சி ஒருவர் சொன்ன யோசனையே பலித்தது. சேகர (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) குருவானவர் பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் பேசியதன் பயனாக, இரத்தம் ஏற்றும் நாள்களில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓர் அக்கா வந்து மாலைவரை அவனோடு இருக்கிறார். தூக்குச்சட்டியில் அவர் கொண்டுவரும் இடியாப்பத்தையும் உறைப்பில்லாத சொதியையும் அவன் மிச்சம் வைப்பதே இல்லை. என் மனைவி அந்நேரம் வீட்டில் உறங்குகிறாள். எனக்கு இதுவே பெரிய உதவி. வாலிபர் சங்கத்தார் இரத்ததானமும் செய்கின்றனர்.

எதிர்பாராத ஒன்று: சபை மடலில் அவன் பெயரோடும் படத்தோடும் ஜெப விண்ணப்பம் அச்சிட இருந்தார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது என்று காட்டியதும், குருவானவர் உடனே நிறுத்திவிட்டார். இப்போது பெயர் சொல்லாமலே ஜெபிக்கிறார்கள். ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்திருக்கிறோம். அது இன்னும் வரவில்லை.