12 நாள் குழந்தைக்குத் தைராய்டு மாத்திரை: கொஞ்சம் பொறுக்கலாமா?

புதுஅம்மா:
மகளுக்கு இன்றோடு 12 நாள். மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) அதிகம் என்று கூப்பிட்டார்கள், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தும் அதேதான், டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) குறைவு. இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார் டாக்டர். ஆனால் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள். தூக்கம்தான் கொஞ்சம் அதிகம், மஞ்சள் காமாலையும் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஒரு மாதம் பார்க்கலாம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். மூளை வளர்ச்சி என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

வார்டுநர்ஸ்:
பொறுக்காதீர்கள் அம்மா. வயிற்றில் இருந்தபோது உங்கள் தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியாகப் போயிருக்கும், அதனால்தான் பிறந்த புதிதில் பல குழந்தைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. நாக்கு தடித்து, தொப்புள் புடைத்து, அழுகுரல் கரகரத்து, மலச்சிக்கலும் வந்த பிறகு கண்டுபிடித்தால் அதற்குள் வாரக்கணக்கில் போயிருக்கும். அப்போது மாத்திரை கொடுத்தாலும் இந்த அறிகுறிகள் மறையும், ஆனால் அந்த வாரங்களில் மூளை இழந்தது முழுசாகத் திரும்பாது. முதல் 2, 3 வருடம் மூளை வளர இந்த ஹார்மோன் கட்டாயம் வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகள் மாதிரியே வளர்வார்கள். நீங்கள் இன்னும் அந்த இரண்டு வாரத்துக்குள்தான் இருக்கிறீர்கள்.

ஒன்பதுவயதுக்காரன்அம்மா:
என் மகனுக்கும் இதேதான் தோழி, தைராய்டு சுரப்பி கழுத்துக்கு இறங்காமல் நாக்கின் அடியிலேயே சின்னதாக நின்றுவிட்டது. கர்ப்பத்தில் நான் எதையோ தப்பாகச் சாப்பிட்டுவிட்டேன் என்று எத்தனை ராத்திரி அழுதிருப்பேன், அப்படியெல்லாம் இல்லை, உங்களையும் நீங்கள் திட்டிக்கொள்ளாதீர்கள். மாத்திரையைப் பொடித்துக் கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்து ஸ்பூனில் கொடுங்கள். பாட்டில் பாலில் கலக்க வேண்டாம், பால் மிஞ்சினால் மருந்தும் மிஞ்சும். இரும்பு, கால்சியம் மருந்தோடு சேர்த்தும் கொடுக்காதீர்கள், சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியைத் தள்ளிப் போடாதீர்கள், எடை ஏற ஏற அளவை மாற்ற வேண்டியிருக்கும். இப்போது அவன் நான்காம் வகுப்பு, ஒரே வாய்!

புதுஅம்மா:
வாழ்நாள் முழுக்கவா?

வார்டுநர்ஸ்:
சுரப்பியே இல்லை, அல்லது இடம் மாறியிருக்கிறது என்றால் ஆமாம். இடத்திலேயே இருந்தால் 3 வயதுக்கு மேல் டாக்டரே சில வாரம் நிறுத்திப் பார்ப்பார், சிலருக்கு அதன் பிறகு தேவைப்படுவதில்லை. நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

புதுஅம்மா:
சரி அக்கா. இப்போதுதான் கொடுத்தேன், ஒரு சொட்டுத் துப்பவில்லை. இரண்டு வாரத்தில் அடுத்த ரத்தப் பரிசோதனை, அப்போது வந்து சொல்கிறேன்.