தங்கச்சிக்கு இங்கிலாந்தில் ஆங்கிலப் பள்ளி: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம், பரந்தன் ஆட்கள். தங்கச்சி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு, இங்கிலாந்துக்குப் போய் 11 மாதம் ஆங்கிலம் படிக்க வேண்டுமென்று நிற்கிறாள். ஒரு முகவர் பளபளப்பான புத்தகமொன்றைக் கையில் தந்து, "படித்துக்கொண்டே வேலையும் செய்யலாம்" என்றார். இப்படி 11 மாதம் ஆங்கிலம் படிக்கத் தரும் குறுங்கால வீசாவில் வேலை செய்யவே முடியாது! ஆனாலும் முற்பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறார். அப்பா நெல் விற்ற காசு அது.

சரி, பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் உள்ள பள்ளிகளை நாங்களே தேடுகிறோம். அங்கே படித்தவர்கள் சொல்லுங்கோ: ஒரு வகுப்பில் எத்தனை பேர்? வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணித்தியாலம்? லண்டன் வேண்டாம், சின்ன நகரம் போதும். எங்கட ஆட்கள் நிறைய இருந்தால் இவள் தமிழிலேயே கதைத்துவிட்டு வந்துவிடுவாள். வீசா கிடைக்காவிட்டால் கட்டிய காசைத் திருப்பித் தருவார்களா?