கரூர் வீடு குழு: கண்ணன் வண்டியில் மஞ்சள் விளக்கு

வியாழன்

கண்ணன்: [படம்]

கண்ணன்: இன்ஜின் விளக்கு எரிகிறது. மாதக் கடைசிக்குள் ஸ்மாக் டெஸ்ட் (கலிபோர்னியாவின் வண்டிப் புகைச் சோதனை) முடிக்க வேண்டும். சனிக்கிழமை லிவர்மோர் கோவிலில் பாப்பாவுக்குக் காதுகுத்து. செல்வம் சித்தப்பா, என்ன செய்ய?

மீனா: அத்தையும் மாமாவும் நாளை ராத்திரி வந்து இறங்குகிறார்கள். எல்லோரும் அந்த வண்டியில்தான் போகணும்.

ராஜி அத்தை: வெடிக்குமா?

செல்வம் சித்தப்பா: ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாயா? என்ன கோடு (code, பழுது எண்) காட்டுது?

கண்ணன்: பி0456

செல்வம் சித்தப்பா: பெட்ரோல் ஆவிக் கசிவு. டேங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவியை வெளியே விடாமல் கரி நிரப்பிய டப்பாவில் பிடித்து வைத்து, இன்ஜின் ஓடும்போது உறிஞ்சி எரிக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1970 மாடலிலிருந்து இது கட்டாயம். இந்த ஆவிதான் வெயிலில் புகையோடு சேர்ந்து ஓசோனாகி நெஞ்சை அடைக்கும். 0455 வந்தால் பெரிய கசிவு. உனக்கு வந்திருப்பது மிகச் சிறியது, அரை மில்லிமீட்டர் ஓட்டை கணக்கு. பெட்ரோல் வாடை வருகிறதா?

கண்ணன்: இல்லை

செல்வம் சித்தப்பா: அப்போ ஓட்டலாம். வாடை வந்தால் வண்டியை எடுக்காதே, உடனே எனக்குப் போன் பண்ணு.

பெரியப்பா: சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருடா. குமிழ் வரும்.

கார்த்தி: பெட்ரோல் டேங்க் மூடியை மாத்து அண்ணா. இல்லைன்னா ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு ஸ்மாக்குக்குப் போ.

செல்வம் சித்தப்பா: அழிக்கவே கூடாது. அழித்தால் வண்டி தன்னைத்தானே சோதித்து வைத்திருந்ததெல்லாம் போய்விடும். ஆவிச் சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருந்தால் விடுவார்கள், மற்றது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதோடு 2010 முதலான மாடல்களில் நிரந்தரக் கோடு என்று தனியாகப் பதிவாகும். அது ஸ்கேனருக்கு அழியாது. 2019 ஜூலையிலிருந்து ஸ்மாக்கில் அதையும் பார்க்கிறார்கள். கண்ணன் வண்டி 2012.

கார்த்தி: 200 மைல் ஓட்டினால் அதைக் கண்டுகொள்ள மாட்டார்களே

செல்வம் சித்தப்பா: 200 மைலும், 15 தடவை இன்ஜின் சூடாகி ஆறுவதும். அதற்குள் விளக்கு திரும்ப எரியும். ஓட்டை அங்கேயேதானே இருக்கு?

வள்ளி அக்கா: கார்த்தி இதெல்லாம் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறான்

ராஜி அத்தை: கார்த்தி வண்டியைக் கொடுக்கும்போது ஒரு விளக்கும் எரியவில்லை. மைலேஜ் முதல் எல்லாம் சொல்லித்தான் கொடுத்தான்.

வள்ளி அக்கா: யாரும் அப்படிச் சொல்லவே இல்லையே அத்தை

ராஜி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: கம்ப்ரசர் காத்தை டேங்குக்குள்ள விட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். லாரிக்கு அப்படித்தான் பார்த்தோம்.

கண்ணன் அப்பா: லாரி பேச்சு வேண்டாம் அண்ணே.

செல்வம் சித்தப்பா: அண்ணே, அது பிரேக் லைன், இது டேங்க். டயருக்கே 30, 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடிக்கிறோம். இதில் ஒன்றுக்கும் கீழேதான் விடணும். கூட விட்டால் சீல் எல்லாம் பிய்ந்துவிடும். ஆவி இருக்கும் இடத்தில் காற்று கலப்பதும் ஆபத்து, அதனால் கசிவு தேட நைட்ரஜனில்தான் புகை விடுகிறோம், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வெளியே வரும்.

ராஜி அத்தை: வெயில் காலத்தில் டேங்க் நிறைய போடக்கூடாதாம், வெடிக்குமாம். போன வருஷமே இங்கே போட்டேன்.

வள்ளி அக்கா: அது பொய்ச் செய்தி என்று இந்தியன் ஆயிலே மறுத்தார்கள் அத்தை.

செல்வம் சித்தப்பா: வெடிக்காது. ஆனால் பம்ப் 'டக்' என்று நின்ற பிறகும் அமுக்கி அமுக்கிப் போடுகிறார்களே, அது தப்பு. பெட்ரோல் ஆவிக் குழாயில் ஏறிக் கரி டப்பாவை நனைத்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது.

மீனா: கார்த்தி எப்பவும் 40 டாலர் ரவுண்டாக வரும்வரை போடுவான்

கார்த்தி: அண்ணி!!

செல்வம் சித்தப்பா: டப்பா கெட்டால் வேற கோடும் வரலாம். அது பிறகு. கண்ணா, காலையில் மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார். வெடிப்பு இருக்கா, மூடி உட்காரும் வாய் துருப்பிடித்திருக்கா. அப்புறம் கரி டப்பா பக்கத்தில் காற்று போய்வரும் வென்ட் குழாயில் மண், பூச்சிக்கூடு இருக்கா என்றும் பார்.

வள்ளி அக்கா: பூச்சியா?

செல்வம் சித்தப்பா: 2011-ல் மாஸ்டா 50,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சிலந்தி அந்தக் குழாயில் கூடு கட்டி அடைத்துக்கொண்டது. காற்று போக வழியில்லாமல் டேங்கே விரிசல் விடலாம் என்று.

ராஜி அத்தை: சிலந்திக்கு பெட்ரோல் வாடை பிடிக்குமா

பெரியப்பா: நம்ம வீட்டு மோட்டார் ரூமில் கூட இருக்கு. நேத்து ஒரு பூரான்.

வள்ளி அக்கா: பெரியப்பா, தனியாக உள்ளே போகாதீங்க. முருகேசனைக் கூப்பிடுங்க.

பெரியப்பா: முருகேசன் ஊருக்குப் போயிட்டான்.

வெள்ளி

கண்ணன்: மூடி நன்றாக இருக்கிறது. வென்ட் குழாயிலும் ஒன்றுமில்லை.

செல்வம் சித்தப்பா: பட்டறைக்குக் கொண்டு வா.

செல்வம் சித்தப்பா: [வீடியோ]

செல்வம் சித்தப்பா: முதலில் பர்ஜ் வால்வைப் பார்த்தேன், டப்பா ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வு. இன்ஜின் நிற்கும்போது அது மூடியிருக்கணும், ஊதினால் காற்று போகக்கூடாது. போகவில்லை. பிறகு ஸ்கேனரில் வென்ட் வால்வை மூடச் சொல்லிவிட்டுப் புகை விட்டேன். ரொம்ப நேரம் எதுவும் தெரியவில்லை. பின் சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றியதும், பெட்ரோல் ஊற்றும் குழாய் வளையும் இடத்தில் டார்ச் வெளிச்சத்தில் நூல் மாதிரி புகை. மண் அப்பி ஈரம் நின்று துரு தின்றிருக்கு. மூடியை மாற்றியிருந்தால் காசுதான் தண்டம்.

மீனா: எவ்வளவு ஆகும்?

செல்வம் சித்தப்பா: குழாய் திங்கள்தான் வரும். கூலி கிடையாது. மாற்றிய பிறகு டேங்க் கால்வாசிக்கு மேல், முக்கால்வாசிக்குக் கீழ் இருக்கட்டும். ரொம்ப நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் வண்டி தன் ஆவிக் கசிவுச் சோதனையை ஓட்டாது. ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியைக் காலையில் எடுக்கணும்.

ராஜி அத்தை: பார்த்தீர்களா, டேங்க் நிறைய போடக்கூடாது என்று நானும் அதைத்தான் சொன்னேன்

கார்த்தி: குழாய்க்கு நான் பாதி தருகிறேன் அண்ணா

ராஜி அத்தை: நீ எதற்கு?

வள்ளி அக்கா: அதை அப்புறம் பேசலாம்

கண்ணன்: ஸ்மாக் தேதி தாண்டிவிட்டால்?

செல்வம் சித்தப்பா: வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை இன்றைக்கே கட்டிவிடு. ஸ்மாக் பாக்கி இருந்தாலும் தாமத அபராதம் விழாது. நம்பர் பிளேட்டில் ஒட்டும் பதிவு ஸ்டிக்கர்தான் ஸ்மாக் முடிந்த பிறகு வரும்.

மீனா: நாளைக்கு எந்த வண்டி?

வள்ளி அக்கா: என் வேனில் ஏழு பேர் போகலாம். புளியோதரை அண்டாவை எங்கே வைப்பது?

கண்ணன்: அண்டா என் வண்டியில் வரட்டும். வாடை இல்லையே.

செல்வம் சித்தப்பா: ஓட்டலாம். ஏர்போர்ட்டுக்கு யார் போகிறீர்கள்?

பெரியப்பா: பாப்பா காதுகுத்தை வீடியோ காலில் காட்டுங்க. இங்கே மணி என்ன ஆகும்?

வள்ளி அக்கா: பாப்பா சீட் யார் வண்டியில் இருக்கிறது?