டாக்டைப் இருக்கு, ஆனாலும் ஒரு பக்கம் மட்டும் கோணல்: உங்ககிட்ட மாட்டின பிரவுசர் வில்லங்கம் என்ன?

பாளை_பஸ்ஸ்டாண்டு
ஜங்ஷன் பக்கத்து அல்வாக்கடை ஒண்ணோட சைட். ஏழு பக்கத்துல ஆறு ஒழுங்கா நிக்கி, விலைப்பட்டியல் மட்டும் சுண்டிப்போய்க் கெடக்கு. வயசானவங்களுக்கும் தெரியட்டும்னு பாடியில 20 பிக்செல் எழுத்து, நடுவுல நிக்கற மாதிரி. அட்டவணைக்குள்ள மட்டும் 'கால் கிலோ, அரைக் கிலோ' எல்லாம் 16-க்கு இறங்கி, இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கி. சிஎஸ்எஸ் ஒரே ஃபைல். பக்கத்தோட தலையில 'இது எச்டிஎம்எல்'னு சொல்ற டாக்டைப் வரியும் இருக்கு.

கன்சோல்ல டாக்குமென்ட் டாட் காம்பேட்மோட் அடிச்சா 'பேக்காம்பேட்'னு வருது. குவர்க்ஸ் மோட், அதாவது பழங்காலப் பக்கங்களுக்காக பிரவுசர் வச்சிருக்கற பழைய நடைமுறை. அதுல அட்டவணை மேலேருந்து எழுத்தளவையும் அலைன்மென்டையும் வாங்காது.

காரணம் ரெண்டு சேர்ந்தது. எல்லாப் பக்கமும் இழுத்துக்கற ஹெடர் ஃபைலைப் பழைய நோட்பேடுல சேமிச்சிருக்காங்க, அதோட தலையில பாம் (பிஓஎம், எழுத்துமுறையைச் சொல்ற குறி) இருக்கு, மூணு பைட்டு, கண்ணுக்குத் தெரியாது. அது வெளியீட்டோட முதல் எழுத்தா வந்தா பிரவுசர் தின்னுட்டுப் போயிரும். மத்த ஆறு பக்கமும் அப்படித்தான் தப்பிச்சுது. விலைப் பக்கத்துல மட்டும் ஹெடரை இன்க்ளூட் பண்ற வரிக்கு முன்னால, பிஎச்பி மூடுகுறிக்குப் பின்னால ஒரு வெற்று வரி. அந்த வரி முதல்ல போகுது, பின்னால பாம், அதுக்கப்புறம் டாக்டைப். டாக்டைப்புக்கு முன்னால வெற்று இடம் வரலாம், கமென்ட் வரலாம். வேற ஒரே ஒரு எழுத்து வந்தாலும் குவர்க்ஸ்தான்.

விஎஸ் கோடுல கீழே வலது மூலையில 'வித் பாம்'னு காட்டும். அதைத் தொட்டு, பாம் இல்லாத யுடிஎஃப்-8-ஆ சேமிச்சாப் போதும்.

அம்பை_ஆத்தங்கரை
வே, டபிள்யூ3சி-யோட பிழை பாக்கற கருவி வேலிடேட்டர்ல அந்த முகவரியைப் போட்டிருந்தா டாக்டைப்புக்கு முன்னால ஏதோ எழுத்து இருக்குன்னு முதல் பிழையே அதுதான் வந்திருக்கும். கன்சோல் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம்.

இங்க வேலிடேட்டருக்கு அகப்படாத ஒண்ணு. பத்தமடைப் பாய் விக்கற பக்கம், நிறம் தேர்ந்தெடுக்க ஆறு பட்டன். ஐபோன் 6-ல ஆறும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே பட்டையா நிக்கி. எது சிவப்பு எது பச்சைன்னு விரலுக்குத் தெரியாது. ஃப்ளெக்ஸ்ல (வரிசையா அடுக்கற சிஎஸ்எஸ் முறை) இடைவெளிக்குக் 'கேப்' போட்டிருந்தாங்க. சஃபாரியில அது 14.1-ல தான் வந்துச்சு, 2021. அந்தப் போன் ஐஓஎஸ் 12-ஓட நின்னுபோச்சு. அதுல குரோம் போட்டாலும் உள்ள ஓடறது சஃபாரியோட இன்ஜின் வெப்கிட்தான்.

கேப் இருக்கான்னு சிஎஸ்எஸ்ல 'சப்போர்ட்ஸ்' வச்சுக் கேட்டாலும் 'இருக்கு'ன்னுதான் சொல்லும், ஏன்னா கிரிட்டுங்கற கட்ட அடுக்குக்குள்ள கேப் முன்னமே வந்தாச்சு. அதனால குழந்தைக்கு (பட்டனுக்கு) எல்லாப் பக்கமும் 4 பிக்செல் மார்ஜின், தாய்க்கு (சுத்தியிருக்கற பெட்டிக்கு) மைனஸ் 4. கேப்பை மறக்காம எடுத்துருங்க, இல்லன்னா புது பிரவுசர்ல இடைவெளி ரெட்டிப்பாயிரும்.

தென்காசி_சாரல்
ஐபோன் 6-க்கு இன்னும் மார்ஜின் எழுதிக்கிட்டு இருந்தா என்னைக்கு அண்ணாச்சி கரையேறுறது? நேரத்தைத் தேதியில போடுங்க.

கோயில் அன்னதானப் பதிவுப் படிவம். நாம எழுதற மாதிரியே 05-04-2023-னு ஜாவாஸ்கிரிப்ட் 'டேட்'டுக்குக் குடுத்தா குரோம் மே 4-னு எடுத்துக்கும், சத்தமே காட்டாது. நாளும் மாசமும் ஒரே எண்ணா இருந்தாத் தவிர, மாசத்துல முதல் 12 நாள் இப்படியே தப்பாப் பதியும். 13-ஆம் தேதியிலதான் 'இன்வாலிட் டேட்'னு கத்தும். பங்குனி உத்திரத்துக்குக் குடுத்தவர் சித்திரையில போய் நிப்பாரு!

கோட்டுக்குறியில பிரிச்சு வருசம், மாசத்துல ஒண்ணு கழிச்சு, நாள்னு எண்ணா அனுப்புங்க. வருசம்-மாசம்-நாள்னு ஒரே சரமா அனுப்பினா அது யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு. நமக்கு அதே நாள் காலை 5:30, அமெரிக்காவுல இருக்கற நம்மூர்க்காரங்களுக்கு முந்தின நாள்.

அம்பை_ஆத்தங்கரை
பாய் வாங்கறது யாருன்னு பாருங்க தம்பி. பேரன் குடுத்த பழைய போன் தாத்தா கையிலதான் இருக்கு.

சங்கரன்கோவில்_கரிசல்
யாரும் கேக்கல, ஆனாலும் சொல்லிருதேன். மூணு பேரும் தமிழ் எழுத்தை விட்டுட்டீங்க.

நான் பாத்தது ஒரே தலைப்பு: 'கூடங்குளம் முதல் ஞானதிரவியம் வரை'. அதுல ன, ஞ சுழியெல்லாம் மையால அடைச்ச மாதிரி. ஃபான்ட்ல 400 கனம் மட்டும் ஏத்திட்டுத் தலைப்புக்கு 700 கேட்டிருக்காங்க. பிரவுசர் தானே தடிமனாக்கிருக்கு. ஆங்கிலம் தாங்கும், தமிழ் தாங்காது. 700-க்குத் தனி வாஃப்2 (வெப்ஃபான்ட்) ஃபைல், சிஎஸ்எஸ்ல தனி ஃபான்ட்-ஃபேஸ் விதி, அதுல கனத்தைச் சொல்லணும்.

லைன்-ஹைட் 1 வச்சு ஓவர்ஃப்ளோவை மறைச்சா று, நு, ஞு எல்லாத்துக்கும் வால் வெட்டுப்படும். 1.6 வைங்க, பிக்செல்னு அலகு போடாம வெறும் எண்ணா. அலகு போட்டா பெரிய தலைப்புக்கும் அதே உயரம் இறங்கி வரி மேல வரி ஏறும்.

பட்டனுக்கு அகலத்தைக் கட்டிப்போடாதீங்க. வெப்ஃபான்ட் வரலன்னா விண்டோஸ்ல நிர்மலா, பழசுல லதா, ஆண்ட்ராய்டுல நோட்டோ. ஒரே 16 பிக்செல்லுக்கு 'பதிவு செய்க' ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு நீளம். பேடிங் போதும். எழுத்துமுறையைச் சொல்ற மெட்டா சார்செட் வரி முதல் 1024 பைட்டுக்குள்ள வரணும். டாக்டைப்புக்கும் அதுக்கும் நடுவுல பெரிய கமென்டு எழுதி வைக்கிறவங்க உண்டு. இன்புட் எழுத்து 16 பிக்செல்லுக்குக் கீழ போனா ஐபோன் தொட்டதும் பெருசாக்கும், அது வேற கதை.

பாளை_பஸ்ஸ்டாண்டு
பாமை எடுத்தாச்சு, 'சிஎஸ்எஸ்1காம்பேட்' (ஒழுங்கான மோட்) வந்துட்டு. அட்டவணை 20-க்கு ஏறினதும் 360 பிக்செல் அகலப் போன்ல கடைசிப் பத்தி வெளிய நீட்டுது. சின்ன எழுத்துல இத்தனை நாள் மறைஞ்சிருந்த வினை. அட்டவணையைச் சுத்தி ஒரு டிவ், அதுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ. பக்கம் நகரல, அட்டவணை மட்டும் நகருது. அந்த வெற்று வரியையும் அழிச்சாச்சு.