அம்மாவின் தைராய்டு மாத்திரை: புதுப்பிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் அம்மாவுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதையும், ஐந்து மாதங்களாக 75 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் சோர்வும் மலச்சிக்கலும் நீங்கவில்லை என்பதையும் முன்பு எழுதியிருந்தேன். முதலில் பார்த்த தனியார் கிளினிக்கில், இரத்தத்தைச் சோதிக்காமலேயே வயதின் கோளாறு என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன்பின் அரசாங்க கிளினிக்கில் எடுத்த இரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது கூடும்) அளவு 14 என்று வந்தது. மருந்தைக் கூட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மருந்தாளர், "மாத்திரையை எதனோடு சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று மட்டும் கேட்டார். பசியாறும்போது, பால் தேநீரோடு, மூட்டுவலிக்கான கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்குவதாக அம்மா சொன்னார். கால்சியமும் இரும்புச்சத்தும் இம்மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுப்பதால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்றும், வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பசியாற வேண்டும் என்றும் அவர் விளக்கினார்.

தோட்டத்து வழக்கப்படி அம்மா இன்றும் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவதால் இது சிரமமாக இல்லை. அளவை மாற்றாமலேயே, எட்டு வாரங்களுக்குப் பின் டி.எஸ்.எச். 3.1 ஆக இறங்கியது. மலச்சிக்கல் தீர்ந்தது, முடி கொட்டுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. அடுத்த சோதனை ஆறு மாதங்கள் கழித்து.