புதுப்பிப்பு: முன் இடது டயரில் காற்று இறங்கும் விவகாரம்

ஆணி எதுவும் தெரியவில்லை, ஆனாலும் டயரில் காற்று மெல்ல மெல்லக் குறைகிறது என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, காரணம் கிடைத்துவிட்டது. பலர் வால்வைத்தான் சந்தேகப்பட்டீர்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், வால்வு வாயில் ஒரு குமிழிகூட இல்லை. அப்புறம் மலேசியாவில், பினாங்கு பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றி தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். டயர் விளிம்பு ரிம்மோடு உட்காரும் இடத்தில், ஒரே பக்கத்தில், பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. டயரைப் பிரித்துப் பார்த்தால் அலாய் ரிம்மின் உள்விளிம்பில் வெள்ளையாகப் பூத்துப்போய் அரித்திருக்கிறது. கடலோரத்தில் ஓடும் பழைய ரிம்களில் இது சகஜம் என்றார் கடைக்காரர். கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேய்த்து, சீலர் (காற்று கசியாமல் அடைக்கும் பூச்சு) பூசி, திரும்ப மாட்டி, பேலன்சிங்கும் (சக்கர எடையைச் சமன் செய்வது) செய்து கொடுத்தார். இதற்குப் புது டயர் தேவையே இல்லை, யாராவது உடனே மாற்றச் சொன்னால் முதலில் தொட்டியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது காற்று அப்படியே நிற்கிறது. சோதிப்பவர்கள் காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அளந்து பாருங்கள், பினாங்கு பாலம் தாண்டி ஓடி வந்த சூட்டில் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், கசிவு தெரியாது. நம் பெட்ரோல் நிலையங்களில் காற்றழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் காட்டும், பிஎஸ்ஐ அளவில் பழகியவர்களுக்கு: 1 பிஎஸ்ஐ ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல். வால்வு என்று சொன்னவர்களுக்கும் நன்றி, அதைச் சோதித்து ஒதுக்கியதால்தான் ரிம் பக்கம் பார்த்தோம்.